கறண்டுச் சிகரெட்டோடு மலையேறிய கதை

என் சட்டையைக் கையில் வாங்கியதும் அவள் முதலில் அதை மூக்கருகே கொண்டுபோனாள். சலவைக் கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படிச் செய்வார்களோ தெரியாது. அவள் கொலரை ஒருமுறை, இரண்டு கைகளையும் ஒவ்வொரு முறை முகர்ந்தாள். பிறகு ரசீதுத் துண்டில் இலக்கம் எழுதியபடியே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் முடிக்கிறீங்கள். வலக்கையாலை பத்துறனீங்கள்.”

“எப்பிடித் தெரியும்?”

“இடக்கையிலை வெங்காயம் மணக்குது. வலக்கையிலை புகை.”

உண்மைதான். குசினியில் வெங்காயத்தைப் பிடிப்பது இடக்கை, வெட்டுவதும் பிறகு வெளியே போய்ச் சிகரெட் பிடிப்பதும் வலக்கை. நான் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். ஒரு சட்டையை வைத்து என்னை இவ்வளவு சரியாகப் படித்த ஆளை அதற்குமுன் நான் சந்தித்ததில்லை.

அவளுடைய கடை இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், வியா மக்வேதாத் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. நான் மொண்டெல்லோவில் கடலோர உணவகம் ஒன்றின் குசினியில் உதவியாள். அதே குசினியில் சமைக்கும் அண்ணை ஒருவரோடு, நம்மவர்கள் அதிகம் இருக்கிற சீசாப் பகுதியில் இரண்டு அறை வீட்டில் இருந்தேன். வீட்டில் சலவை இயந்திரம் இருந்தது, நன்றாகவே துவைத்தது. ஆனாலும் உணவகம் மூடுகிற திங்கட்கிழமைகளில் இரண்டு வெள்ளைச் சட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

“டேய் வாத்தி, மெஷினுக்கு என்ன, கால் முறிஞ்சு போச்சோ?” என்பார் அண்ணை.

“கொலர் சரியா வெளுக்குதில்லை அண்ணை.”

“கொலரைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லை. உன்ரை முகத்தைப் பாத்தாத் தெரியுது. போட்டு வா, போட்டு வா.”

வாத்தி என்பது சீசாவில் எனக்கு விழுந்த பட்டம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் அழுத்துகிறவர்கள். சண்டை முடிந்து வன்னியிலிருந்து நான் இங்கே வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே, பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் என்னைத் தேடி வரத் தொடங்கிவிட்டார்கள். ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடமாட்டேன். கேள்வி என்று ஒன்று இருந்தால் அதற்குப் பதில் எழுதியே ஆகவேண்டும் என்பது என் கொள்கை. இந்தக் கொள்கை பின்னால் எனக்கு எப்படிப்பட்ட வேட்டு வைத்தது என்பதைச் சொல்கிறேன்.

கோடை தொடங்குகிற நேரம் ஒரு திங்கட்கிழமை, கடையில் வேறு யாரும் இல்லாதபோது, நான் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்லி முடித்தேன். அவள் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“நாங்கள் கத்தோலிக்க வேதம். அம்மா நீங்கள் சைவமெண்டாலும் ஓம் எண்டுவா. வன்னியெண்டாலும் ஓம் எண்டுவா. சிகரெட் பத்துற ஆளெண்டாக் கதவே திறக்கமாட்டா. எங்கடை அப்பா நெஞ்சு வருத்தத்திலைதான் போனவர். எனக்கு அப்ப பன்ரெண்டு வயசு.”

“நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“உங்கடை சேட்டிலை புகை மணம் இல்லாமல் போற அண்டைக்கு அம்மாட்டைச் சொல்லுவன். செப்டம்பரிலை புனித ரொசாலியான்ரை கோயில் மலைக்கு ஏறுவம், நானும் அம்மாவும். அதுக்குள்ளை எண்டா நீங்களும் வரலாம்.”

அவள் மறுக்கவில்லை! எனக்குத் தலை கால் புரியவில்லை. சட்டைத் துண்டை வாங்க மறந்து, வாசல்படியில் தடுக்கி, எதிரே வந்த இத்தாலியச் சின்யோரா அம்மா ஒருவருக்கு இரண்டு முறை வணக்கம் சொல்லிச் சந்து திரும்பியதும், அந்தச் சந்தோஷத்தில் ஒரு சிகரெட் பத்தவைத்தேன். பாதி எரிந்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்பது உறைத்தது.

சும்மா விட்டுப் பார்த்தேன். ஒன்றரை நாள் தாக்குப்பிடித்தேன். அந்த ஒன்றரை நாளில் அண்ணையோடு மூன்று முறை சண்டை பிடித்து, ஒரு வாளி இறாலை உரித்து, தோலை வைத்துக்கொண்டு சதையைக் குப்பையில் போட்டேன். அண்ணையே ஒரு சிகரெட்டை எடுத்து என் வாயில் வைத்துப் பத்தவும் வைத்துவிட்டார்.

அந்த வருடம்தான் நகரம் முழுக்கப் புதுக்கடைகள் முளைத்தன. வியா மக்வேதாவில் இரண்டு சப்பாத்துக் கடைகளுக்கு நடுவே, மருந்துக்கடை மாதிரி வெள்ளை வெளிச்சத்தோடு ஒன்று. கண்ணாடிக்குப் பின்னால் பேனை பேனையாக எலெக்ட்ரோனிக் சிகரெட்டுகள். நம்மவர்கள் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: கறண்டுச் சிகரெட். நெருப்பில்லை, சாம்பலில்லை, புகை மணமில்லை என்று கடைக்காரன் சொன்னபோது, அவன் மூன்றாவதாகச் சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஸ்ட்ரோபெரி சுவை ஊற்றித் தந்தான். பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாளை வீடு போகும் பஸ்ஸில் இத்தாலிய மொழியில் ஒருமுறையும், சந்தேகம் தீர ஆங்கிலத்தில் ஒருமுறையும் படித்தேன். பொத்தானை ஐந்து தரம் அமத்தினால் திறக்கும், ஐந்து தரம் அமத்தினால் பூட்டும். படித்தவன் அல்லவா, விதிப்படி ஐந்து தரம் அமத்தி இழுத்தேன். தொண்டையில் யாரோ ஜாம் பூசியது போலிருந்தது.

மூளைக்குச் செய்தி போய்விட்டது, கைக்குப் போய்ச் சேரவில்லை. பல கிழமை என் பெருவிரல் பொக்கெற்றுக்குள் லைற்றரைத் தேடிக்கொண்டிருந்தது. இல்லாத சாம்பலைத் தட்டினேன். இழுத்து முடித்ததும் கீழே போட்டு மிதிக்கப் போய், கடைசி நொடியில் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியிருக்கிறேன். குசினிக்குப் பின்னால் மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நெருப்புக் கேட்டு வருகிற பரிசாரகன் ஒருவன் இருந்தான். நெருப்பைச் சாட்டி நாலு கதை கதைப்பான். கறண்டுக்காரனிடம் யார் நெருப்புக் கேட்பார்கள்? அவன் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான்.

பெரிய நட்டம் வேறொன்று. முன்பெல்லாம் “சிகரெட்டுக்குப் போறன்” என்றால் தலைமைச் சமையல்காரர் தலையாட்டுவார். அது புகைக்கிறவனுடைய உரிமை, தேவாலய மணி மாதிரி யாரும் கேள்வி கேட்பதில்லை. மூன்றாம் நாள் அவர் என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அதிலேதான் புகை இல்லையே, வெளியே என்ன வேலை? பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இழு.” அத்தோடு என் கடல்காற்று போயிற்று.

ஒரு கிழமை என்னைக் கேலி செய்த அண்ணை, எட்டாம் நாள் என் கையிலிருந்து வாங்கி ஓர் இழுவை இழுத்தார்; பத்தாம் நாள் தனக்கொன்று வாங்கி வந்தார். வந்தது கேடு. அண்ணை மணிக்கூடு பார்த்துச் சமைக்கிறவர் இல்லை. அவருக்கு எல்லாம் சிகரெட் கணக்கு. மட்டிக்கு அரைச் சிகரெட், பாஸ்தாவுக்கு ஒன்று, மொண்டெல்லோவுக்கே பேர் வாங்கிக் கொடுத்த எட்டுக்கால் கணவாய்க்கு நாலு. அடுப்பில் வைத்துவிட்டுப் பின்கதவில் நின்று நாலு ஊதி முடித்து வந்தால், கணவாய் பதமாக அவிந்திருக்கும். ஒருநாளும் பிசகியதில்லை. இப்போது பின்கதவில் நின்று ஊதினார், ஊதினார், அது முடிந்தால்தானே?

“டேய், இப்ப எத்தினையாவது?”

“இது முடியாது அண்ணை. இதுக்கு எத்தினையாவது எண்டே இல்லை.”

மூடியைத் திறந்தபோது சட்டிக்குள் கணவாயைக் காணவில்லை. ஊதா நிறத்தில் ஒரு சூப்தான் இருந்தது. கரண்டியை விட்டுத் துழாவினால் ஒரு கால் வந்து, எங்கள் கண் முன்னாலேயே இரண்டாகக் கரைந்தது. நானும் அண்ணையும் நிலத்தில் குந்திச் சிரித்தோம். தலைமைச் சமையல்காரர் சிரிக்கவில்லை. மறுநாள் எலுமிச்சம்பழ வடிவில் மணியடிக்கிற மணிக்கூடு ஒன்றை வாங்கி வந்து, அண்ணையின் ஏப்ரனில் ஊசி குத்திக் கொழுவிவிட்டார்.

சிரித்தாலும், அண்ணையின் கேள்வி எனக்குள் கிடந்து அரித்தது. சிகரெட்டுக்கு ஓர் அடி இருந்தது. விரலைச் சுட்டு, போதும் போடா என்று அதுவே சொல்லும். இதற்கு அடியும் இல்லை, நுனியும் இல்லை. குளிக்கும்போதும் இழுத்தேன். பஸ்ஸில் சட்டைக்குள் முகத்தை விட்டு இழுத்தேன். தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்து, புரளும்போதெல்லாம் இழுத்தேன். முன்பு ஒரு படிவத்துக்கு ஒரு சிகரெட் என்றால், இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இழுவை. எத்தனை தரம் என்று எண்ணிப் பார்ப்போமென்று கலண்டரில் கோடு போட்டேன். மத்தியானத்துக்குள் அந்த மாதத்தில் கோடு போட இடமில்லாமல் போய்விட்டது. பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஆனால் திங்கட்கிழமைகள் இனித்தன.

“குறைஞ்சிருக்கு,” என்றாள் முதல் கிழமை. அடுத்த கிழமை, “நல்லாக் குறைஞ்சிருக்கு,” என்று ஒரு சிரிப்பும் தந்தாள். மூன்றாம் கிழமை கொலரை மூக்கில் வைத்தவள் எடுக்கவேயில்லை.

“இதென்ன, ஸ்ட்ரோபெரியோ?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “குசினியிலை என்னை டொல்ச்சே இனிப்பு செய்யிற பக்கம் போட்டிருக்கினம்,” என்றது என் வாய்.

“உண்மையாவோ! அப்ப எனக்கொண்டு கொண்டுவாங்கோ.”

அடுத்த கிழமை நான் ஸ்ட்ரோபெரித் தார்ட்டோடு போனேன். செய்தது அண்ணை; அடுக்கினது நான். அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். நான் கண்ணைத் திறந்துகொண்டு குற்றவாளிபோல் நின்றேன். அன்றே வியா மக்வேதாக் கடைக்குப் போய், சுவையே இல்லாத, மணமே இல்லாத திரவம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அவள் மூக்கை வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவள் கேட்டது சட்டையில் புகை மணம் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதானே, இப்போது அந்த மணம் இல்லையே என்று எனக்கு நானே வழக்காடி, நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். ஓகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை அவள் சட்டையை இரண்டு பக்கமும் திருப்பி முகர்ந்து, துண்டில் இலக்கத்துக்குப் பதிலாக எழுதித் தந்தாள்: ‘அம்மாட்டைச் சொல்லிட்டன்.’

அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று சீசா வரைக்கும் பஸ் இல்லாமல் நடந்தே போனேன், நடந்தேனா பறந்தேனா தெரியாது.

மலையேற்றம் ஞாயிறு காலை. நகரத்தில் எங்கே நின்று பார்த்தாலும் தெரிகிற மலை அது. சைவமும் வேதமும் என்று பாராமல் நம்மவர்கள் எல்லோரும் வெறுங்காலோடு ஏறுவார்கள். எதையாவது கைவிட்டவர்கள் அதை மேலே கொண்டுபோய் ரொசாலியாவின் குகையில் வைத்துவிட்டு வருகிற வழக்கமும் உண்டு. நான் கடைசிச் சிகரெட் பெட்டியையும் லைற்றரையும் ஒரு பையில் கட்டிக் கையில் எடுத்திருந்தேன். கறண்டுச் சிகரெட் காற்சட்டைப் பொக்கெற்றில் இருந்தது.

அவளுடைய அம்மாவை, அன்ரியை, அன்றுதான் நேரில் கண்டேன். யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்து மனுசி. கோயில் பாடற்குழுவில் பாடுகிற குரல், கையில் பாணும் சம்பலும் கட்டிய பை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்து, “மெலிஞ்சு போயிருக்கிறீர் தம்பி,” என்றா. அது நல்ல சகுனமென்று நினைத்தேன்.

கல் பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து மேலே போகும். முதல் வளைவிலேயே எனக்கு வாய் ஊறியது. “ஒரு நிமிஷம் அன்ரி, இந்தா வாறன்,” என்று பைன் மரத்துக்குப் பின்னால் போய் மூன்று இழுவை. இரண்டாம் வளைவில் இரண்டு. மூன்றாம் வளைவில் ஒரு மரம், நாலாம் வளைவில் ஒரு மதில். அன்ரி ஒவ்வொரு முறையும் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்து நின்றா. ஐந்தாம் முறை நான் திரும்பி வந்தபோது பாடவில்லை.

“தம்பி, தண்ணி விடாய் கூடவோ உமக்கு?”

“ஓம் அன்ரி, இந்த வெயிலுக்கு.”

“இரவிலை எழும்புறனீரோ?”

எழும்பித் தலையணைக்குக் கீழே தேடுவது நினைவுக்கு வந்தது. “ஓம் அன்ரி, இரண்டு மூண்டு தரம்.”

“காலிலை புண் வந்தாக் காயச் சுணங்குமோ?”

கல் வெட்டின காலைப் பார்த்தேன். “சிலநேரம் சுணங்கும்.”

“குடும்பத்திலை ஆருக்கும் சீனி வருத்தம் இருக்கோ?”

“பெரியப்பாவுக்கு இருந்தது அன்ரி. ஒரு காலும் எடுத்தவை.”

கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு கட்டமும் விடாமல் பதில் சொல்லி முடித்த திருப்தியில் நின்றேன். அன்ரி மகளின் முழங்கையைப் பிடித்து இருபது அடி முன்னால் இழுத்துக்கொண்டு போனா. கை ஆடியது, தலை ஆடியது, பாண் பை ஆடியது. பிறகு அவள் மட்டும் இறங்கி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“உங்களுக்குச் சீனியாம். வளைவுக்கு வளைவு ஒதுங்குறதை அம்மா எண்ணிக்கொண்டு வந்தவ. ஒரு வருத்தக்காரனோடை தான் பட்டது காணுமாம், எனக்கும் அப்பிடி ஒண்டு வேண்டாமாம். எத்தினை நாளா இருக்கு? ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

ஓர் இரத்தப் பரிசோதனை போதும், சீனி இல்லை என்று கடதாசி வந்துவிடும், என் ரகசியமும் தப்பும் என்று மூளை உடனே கணக்குப் போட்டது. ஆனால் இல்லாத வருத்தத்துக்கு அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு ஏலவில்லை. பொக்கெற்றுக்குள் கையை விட்டு அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். “மணமே இல்லை.”

“மணம் இல்லாததெண்டு தேடித்தான் வாங்கினது.”

“அப்ப ஸ்ட்ரோபெரி?”

“அதுவும் இதுதான்.”

“தார்ட்?”

“அது அண்ணை செய்தது.”

அவள் முகத்தில் கோபம் ஏறியது, ஏறின இடத்திலேயே தடுக்கி விழுந்து சிரிப்பாகிவிட்டது. மலைப்பாதை கேட்கும்படி கத்தினாள்: “அம்மா! சீனி இல்லை! சீனி இல்லையம்மா!”

“தோத்திரம் ஆண்டவரே!” என்று மேலேயிருந்து குரல் வந்தது. “அப்ப மரத்துக்குப் பின்னாலை என்ன செய்தவர்?”

அன்ரி இறங்கி வந்து, அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. நான் விளக்கத்தாளில் படித்ததையெல்லாம் ஒப்புவித்தேன். ஐந்து தரம் அமத்திக் காட்டினேன். நீல வெளிச்சம் மினுங்கியது.

“ஒருக்காப் பத்தினா எப்ப முடியும் இது?”

“முடியாது அன்ரி.”

அன்ரி மதிலில் உட்கார்ந்தா. கீழே தெரிகிற கடலைப் பார்த்தபடி சொன்னா: “இவளின்ரை அப்பான்ரை சிகரெட்டாவது முடியும் தம்பி. முடிஞ்ச பிறகு அடுத்ததைப் பத்தும்வரைக்கும் என்னோடை கதைப்பார். நல்லாக் கதைப்பார்.” பிறகு என்னைப் பார்த்து, “உமக்கு எப்ப கதைக்க நேரம்?” என்றா.

வாழ்க்கையில் நான் வெறுமையாக விட்ட முதல் கட்டம் அதுதான்.

அவள் அதைத் தாயின் கையிலிருந்து எடுத்துத் தன் கைப்பையில் போட்டுச் ஸிப்பை இழுத்தாள். “இனி இழுக்கோணுமெண்டா என்னட்டை வந்து கேளுங்கோ.”

“ஒவ்வொரு தரமுமோ?”

“ஒவ்வொரு தரமும்.”

“வந்து வாசலிலை நிண்டு கேக்கட்டும்,” என்றா அன்ரி எழும்பிக்கொண்டு. “கதவு திறக்கிறதைப் பற்றிப் பிறகு யோசிப்பம்.” மிச்ச வளைவுகளை நான் ஒருமுறையும் ஒதுங்காமல் ஏறினேன். பெட்டியையும் லைற்றரையும் குகையில் வைத்தேன். பாறையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சரியாக என் உச்சியில் விழுந்தது.

அந்த மாதம் நான் பலெர்மோ பஸ்களின் பிள்ளை ஆனேன். வேலைக்கு முன் ஒருமுறை, இடைவேளையில் ஒருமுறை, வேலை முடிந்தால் ஒருமுறை. சலவைக் கடையில் அவள் மேசைக்கு மேலால் அதை நீட்டுவாள். “ஒண்டு, ரெண்டு, மூண்டு, காணும்,” என்று எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வாள். முடிவில்லாத அந்தச் சாமானுக்கு அவள் ஓர் அடி வைத்துவிட்டாள். சட்டை வாங்க வந்த சின்யோராக்கள் வரிசையில் நின்று சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். அவளுக்கு வேலை இல்லாத நாட்களில் வீட்டு மாடிப்படி ஏறி வாசலில் நின்று கேட்டேன். இரண்டாம் கிழமை அன்ரி, “படியிலை நிண்டு மூச்சு வாங்காமல் உள்ளுக்கை வாரும்,” என்று கதவை முழுதாகத் திறந்தா. பிறகு தேத்தண்ணி வந்தது. பிறகு தேத்தண்ணியோடு பயத்தம் உருண்டையும் வந்தது.

ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்து, அன்ரியின் பெர்மெசோப் படிவத்தை ஒரு கட்டமும் விடாமல் நிரப்பி, மூன்று பேருமாக எதையெதையோ கதைத்துச் சிரித்துவிட்டுப் படியிறங்கி பஸ் தரிப்பில் வந்து நின்றபோதுதான் பொறி தட்டியது: வந்த விஷயத்தைக் கேட்கவேயில்லை. வாய் ஊறவும் இல்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, இதை அவளிடம் சொல்லியே ஆகவேண்டுமென்று மூன்று மாடியையும் ஓடி ஏறினேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் கைப்பையை எடுக்கத் திரும்பினாள்.

“அதுக்கில்லை,” என்றேன், மூச்சு வாங்க.

“அப்ப என்னத்துக்கு?”

நான் பதில் சொல்வதற்குள் குசினிக்குள்ளிருந்து அந்தப் பாடற்குழுக் குரல் கேட்டது:

“ஆரது பிள்ளை, மருமோனோ? இப்பதானே போனவர்! பாத்ரூம் உந்தப் பக்கமெண்டு காட்டிவிடு. நாளைக்கு முதல் வேலையா ஒருக்காச் சீனி பாக்கச் சொல்லு!”